பந்தயப் பாதையும் ஒரு தராசுதான்

மரவேலைப் பட்டறை நடத்தும் சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கட்டில், அலுமாரி, கதிரை என்று எத்தனை காலத்துக்குச் செய்வது? எல்லாப் பட்டறையும் அதைத்தானே செய்கிறது? வேறு என்ன இருக்கிறது?" என்பதே அது. பட்டறைகளின் கணக்குப் புத்தகங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன் என்ற வகையில் இந்தக் கேள்வி நியாயமானது என்றே சொல்வேன். கல்யாண காலத்தில் இரவு பகலாக வேலை இருக்கும். பிறகு இரண்டு மாதம் வாள் துருப்பிடிக்கும். மூலையில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்து ஈற்றில் அடுப்புக்குப் போகும்.

இதற்கு ஒரேயொரு பதில் இல்லை. எனினும், வெட்டுத் துண்டையே மூலப்பொருளாகக் கொண்ட ஒரு சிறு தொழிலை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். சிறுவர்களின் மரக் கார்ப் பந்தயத்துக்கு மரத்தாலான பாதை செய்து வாடகைக்கு விடுவதே அத்தொழில். விளையாட்டுச் சாமான் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். வியாபாரத்தின் அடிப்படையான ஒரு பாடம் இதற்குள் இருக்கிறது.

ஏழு அங்குலக் கட்டையின் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மன்ஹாட்டன் பீச் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கு டொன் மேர்பி என்பவர் விமானக் கம்பனி ஒன்றில் ஓவியப் பிரிவில் பணியாற்றி வந்தார். அக்காலத்தில் சிறுவர்கள் தாமே செய்த வண்டியில் அமர்ந்து சரிவில் ஓட்டிச் செல்லும் 'சோப் பொக்ஸ் டர்பி' என்ற போட்டி அந்நாட்டில் பிரபலமாக இருந்தது. மேர்பியின் மகனுக்கு வயது 10. அந்தப் போட்டிக்கு வயது போதாது.

சிறியவர்களுக்கும் ஒரு பந்தயம் வேண்டும் என்று யோசித்த மேர்பி, உள்ளங்கையில் அடங்கும் காரை வடிவமைத்தார். ஒரு பைன் மரக் கட்டை, நான்கு சக்கரம், அச்சுக்கு ஆணி. இயந்திரம் கிடையாது, சரிவிலிருந்து விட்டால் தன் பாரத்தால் தானே ஓடும். அவர் வேலை செய்த கம்பனியின் முகாமையாளர் கழகம் அனுசரணை வழங்கியது. 1953 மே 15ஆம் திகதி, அவ்வூர்ச் சிறுவர் சாரணர்களிடையே முதற் பந்தயம் நடந்தது. பாதை 31 அடி நீளம், இரண்டு தடங்கள். முடிவிடத்தில் பற்றரியில் இயங்கும் விளக்குகள் எந்தக் கார் முந்தியது என்று காட்டின.

அடுத்த வருடமே, 1954 ஒக்டோபரில், அமெரிக்க சாரணர் இயக்கத்தின் 'போய்ஸ் லைஃப்' சஞ்சிகை இதன் வரைபடத்தை வெளியிட்டது. அதன் பின்னர் நாடு முழுவதும் பரவி, 70 வருடங்களைக் கடந்தும் நடந்து வருகிறது. கட்டைப் பொதி விற்பவர், பாதை செய்து விற்பவர், நேரம் கணிக்கும் கருவி செய்பவர் என்று பல சிறு தொழில்கள் அதைச் சுற்றி வளர்ந்தன.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 'பைன்வூட் டர்பி' என்ற பெயர் அந்தச் சாரணர் இயக்கத்தின் பதிவு செய்யப்பட்ட வர்த்தகப் பெயர். ஆகவே அந்நாட்டிலேயே வேறு அமைப்புகள் இதே பந்தயத்தை வேறு பெயர்களில் நடத்துகின்றன. நாமும் நமக்கென்று ஒரு பெயரை வைத்துக்கொள்வதே முறை. நுங்குக் கோம்பையில் வண்டி செய்து உருட்டிய பிள்ளைகளின் ஊரில் பெயருக்குப் பஞ்சமில்லை.

அளவுகள்

காரின் அளவு முதலில். கட்டை 7 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 1¼ அங்குல உயரம். சக்கரங்களோடு சேர்த்து அகலம் 2¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1¾ அங்குல வெளி வேண்டும். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ⅜ அங்குலம் வேண்டும். மொத்த நிறை 5 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 141 கிராம். இதற்கு மேல் ஒரு கிராமும் கூடாது.

இந்த அளவுகளிலிருந்தே பாதை பிறக்கிறது. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் 1⅝ அங்குல அகலமும் ¼ அங்குல உயரமும் கொண்ட மையப் பட்டி ஓடும். கார் அந்தப் பட்டிக்குக் கவடு வைத்து ஓடும். சக்கரங்களுக்கு இடையே 1¾, பட்டி 1⅝. மிஞ்சுவது ⅛ அங்குலம். அடியிலும் அப்படியே: ⅜இல் ¼ போக மிஞ்சுவது ⅛ அங்குலம். இந்த ⅛ அங்குலத்துக்குள்தான் முழுப் பந்தயமும் நடக்கிறது என்பதை ஓடாவிமார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு தடம், 32 அடி நீளம் என்பது வாடகைக்கு விடத் தோதான அளவு. 8 அடித் துண்டுகள் நான்காகச் செய்தால் சிறு லொறியில் ஏறும். பிளைவூட் 8 அடிக்கு 4 அடியாக வருகிறது. நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் வாள் தின்றது போக ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15¾ அங்குலம் கிடைக்கும். தடத்துக்குத் தடம் 3¾ அங்குலம் வைத்தால் நான்கு தடத்துக்கு 15 அங்குலம். இரு ஓரத்திலும் சிறிது இடம் மிஞ்சும். இரண்டு பிளைவூட் தாளில் ஆறு துண்டு வரும். நான்கு ஓடுபாதைக்கு, ஒன்று முடிவிடத்துக்கு அப்பால் கார் நிற்பதற்கு, ஒன்று பழுது பார்க்கக் கையிருப்பு. வீண் கழிவு இல்லை.

ஆரம்ப இடத்தின் உயரம் 4 அடி. முதல் இரண்டு துண்டுகளுக்குள், அதாவது 16 அடிக்குள், சரிவு முடிந்து பாதை மட்டமாகிவிட வேண்டும். 9 மில்லிமீற்றர் பிளைவூட் நன்கு வளையும். வளைவின் வடிவத்தை ஒரு மாதிரிப் பலகையில் வெட்டி, அதை வைத்தே எல்லாத் தாங்கிகளையும் வெட்டுங்கள். கண்ணால் வளைக்க வேண்டாம். சரிவு மட்டத்தோடு சேரும் இடம் திடீரென்று மடிந்தால் காரின் மூக்கு தட்டும். நடுவில் எங்காவது முதுகு எழும்பினால் வயிறு தட்டும். ⅛ அங்குலம்தான் மிச்சம் என்று சொன்னேன் அல்லவா?

மையப் பட்டியைப் பசை பூசி, அடியிலிருந்து திருகாணி ஏற்றி இறுக்குங்கள். ஓடும் முகத்தில் ஓர் ஆணித்தலைகூடத் தெரியக் கூடாது. ஆரம்பக் கதவுக்கு, தடத்துக்கு ஒன்றாக நான்கு மர முளைகளை ஒரே குறுக்குத் தண்டில் பொருத்தி, அந்தத் தண்டைப் பிணைச்சலில் மாட்டி, சுருள்வில்லால் இழுக்க வைப்பர். கொக்கியை விட்டதும் நான்கு முளையும் ஒரே கணத்தில் காருக்கு முன்புறமாகக் கீழே விழுந்து விலக வேண்டும். ஒரு முளை மயிரிழை பிந்தினாலும் அந்தத் தடத்துப் பிள்ளை தோற்றுவிடும்.

நியாயம் மூட்டில் இருக்கிறது

இனித்தான் பாடத்தின் முக்கிய பகுதி. 4 அடி உயரத்திலிருந்து இறங்கும் கார், உராய்வே இல்லையென்றால், அடிவாரத்தில் செக்கனுக்கு 4.9 மீற்றர் வேகம் எடுக்கும். நடைமுறையில் அதைவிடக் குறையும். செக்கனுக்கு 4 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு என்பது 4 சென்ரிமீற்றர். பந்தயத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த அளவில்தான் தீர்மானமாகிறது.

இப்போது இரண்டு துண்டுகள் சேரும் மூட்டை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் தடத்தில் மட்டும் அடுத்த துண்டு அரை மில்லிமீற்றர் மேலே நிற்கிறது என்று வையுங்கள். சக்கரம் அதில் தட்டும், கார் பட்டியில் உரசும், வேகம் குறையும். அந்தப் பிள்ளை இரண்டு வாரமாக மணல்தாள் தேய்த்து, வர்ணம் பூசி, உம்மாவிடம் காட்டி மகிழ்ந்த கார் தோற்கும். அவனுடைய காரில் குறை இல்லை, நமது மூட்டில்தான் குறை. ஆனால் அவனுக்கு அது தெரியாது. "நான் செய்தது சரியில்லை" என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

ஆகவேதான் பந்தயப் பாதையைத் தராசு என்று சொல்கிறேன். கடைத் தராசை வருடாவருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்துக்குக் காட்டி முத்திரை குத்துகிறோம். அளவையில் குறை செய்வோரைக் கண்டித்து குர்ஆனில் ஒரு சூறாவே உண்டு என்பதை நமது வியாபாரிகள் அறிவர். பந்தயப் பாதைக்கு முத்திரை குத்த அரசாங்க அதிகாரி வரமாட்டார். செய்தவரே அதைச் சோதிக்க வேண்டும். சோதனை முறைகள் இவை:

1. ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். சரிசெய்ய முடியாத சிறு வித்தியாசம் இருந்தால், அடுத்த துண்டு தாழ்வாக இருக்கலாம், உயர்ந்திருக்கவே கூடாது.

2. மூட்டின் இரு பக்கத்திலும் முளை வைத்துப் பொருத்தி, அடியில் போல்ட்டால் இறுக்குங்கள். துண்டுகளுக்கு 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டு எப்போதும் அதே வரிசையில் பூட்டுங்கள்.

3. குறுக்கே நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். பாதை ஒரு பக்கம் சரிந்தால் எல்லாக் காரும் அந்தப் பக்கத்துப் பட்டியில் உரசும். கால்களில் ஏற்றி இறக்கும் போல்ட் வைத்தால் மண்டபத்துத் தரை எப்படி இருந்தாலும் சமன் செய்யலாம்.

4. ஒரே காரை ஒவ்வொரு தடத்திலும் பத்து முறை ஓட விட்டு நேரத்தை எழுதுங்கள். ஏதேனும் ஒரு தடம் திரும்பத் திரும்பப் பிந்தினால் பழுது அங்குதான். அந்தத் தாளைப் பந்தயத்தன்று சுவரில் ஒட்டுங்கள். பெற்றோர் பார்க்கட்டும்.

நமது காற்றும் நமது மரமும்

அமெரிக்காவிலேயே பலர் இன்று மரப் பாதையை விட்டு அலுமினியத்துக்கு மாறிவிட்டனர். காரணம், மரம் ஈரத்தைக் குடித்து நெளியும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்றிருக்கும் காத்தான்குடியில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அலுமாரிக் கதவே மூட மறுக்கிறது. பந்தயப் பாதை எம்மாத்திரம்?

இருந்தும் மரத்தில் செய்யலாம். கடல்நீர் தாங்கும் தர பிளைவூட்டை எடுங்கள். வார்னிஷை மேல் முகத்துக்கு மட்டும் பூசுவது பலர் விடும் தவறு. அடிப்புறம், நான்கு விளிம்பு என்று ஆறு முகத்துக்கும் ஒரே அளவு பூச வேண்டும். ஒரு முகம் ஈரம் குடித்து மறுமுகம் குடிக்காவிட்டால்தான் பலகை கிண்ணம்போல் வளையும். சாதாரண இரும்பு ஆணி உப்புக் காற்றில் துருவேறும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளைத் திருகாணியே வேண்டும். வைக்கும்போது சுவரில் சாத்தாமல், சீமெந்துத் தரையிலும் போடாமல், சட்டங்களின் மேல் மட்டமாகப் படுக்க வையுங்கள்.

காருக்கான கட்டைக்கு எந்த மரம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 × 1¾ × 1¼ அங்குலக் கட்டையின் கனவளவு ஏறத்தாழ 250 கன சென்ரிமீற்றர். பைன் மரத்தில் அது சுமார் 110 முதல் 125 கிராம் வரும். தேக்கில் 160 கிராம் அளவில் வரும். முதிரையில் 230ஐயும் தாண்டும். எல்லையோ 141. முதிரைக் கட்டை கொடுத்தால் பிள்ளை பாதியைச் செதுக்கித் தள்ள வேண்டும், அதுவும் அந்தக் கடின மரத்தில். ஆகவே மலிவான, இலேசான மரமே இங்கு உயர்ந்த மரம். பைன் அல்லது அல்பீசியா போதும். பந்தயத்துக்கு வரும் எல்லோருக்கும் ஒரே இனக் கட்டையையே கொடுங்கள்.

நமது கடைத்தெருவுக்கு வெளிநாட்டுச் சாமான்கள் வரும் பெட்டிகளிலும் தட்டுகளிலும் பைன் மரம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. பிள்ளைகளின் கைக்குக் கொடுக்க வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு விடயம். இந்தக் கார்களின் அச்சுக்கு எண்ணெய் போடுவதில்லை. காரீயத் தூள்தான் போடுகிறார்கள், பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. உலகின் மிகத் தூய காரீயம் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் நமது நாட்டிலேயே கிடைக்கிறது. சிறு போத்தலில் அடைத்துப் பொதியோடு விற்கலாம்.

பந்தயத்தை நடத்துவது

பாதை எவ்வளவு சரியாக இருந்தாலும் தடங்களுக்கிடையே மிகச் சிறு வித்தியாசம் இருக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு காரும் ஒவ்வொரு தடத்திலும் ஒருமுறை ஓட வேண்டும். 24 பிள்ளைகள், நான்கு தடம் என்றால் மொத்தம் 24 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்கு 2 நிமிடம் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஒருமுறை தோற்றதும் வீட்டுக்குப் போ என்று சொல்லாமல், எல்லாப் பிள்ளையும் நான்கு முறை ஓடுவது இதன் இன்னொரு நன்மை.

முடிவைத் தீர்மானிக்க விலையுயர்ந்த கருவி ஆரம்பத்திலேயே தேவையில்லை. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் வசதி உண்டு. முடிவுக் கோட்டுக்கு நேராக நிறுத்திவைத்தால் இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக்கூடக் காட்டிவிடும். நிறுக்கும் தராசு ஒன்றே இருக்கட்டும்; எல்லோர் முன்னிலையிலும் நிறுங்கள். நிறுத்த பின் கார்கள் மேசையில் இருக்க வேண்டும், பிள்ளையின் கைக்கும் தகப்பனின் கைக்கும் திரும்பக் கூடாது.

தகப்பன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. மகனின் காரைத் தகப்பனே செய்து, தகப்பன்மாரே போட்டி போடுவது அமெரிக்காவில் பழைய முறைப்பாடு. 2005இல் வெளியான 'டவுன் அண்ட் டர்பி' என்ற நகைச்சுவைத் திரைப்படத்தின் கதையே அதுதான். வாளும் துறப்பணமும் பெரியவர் கையில் இருக்கட்டும்; தேய்ப்பதும், ஈயம் சேராத வர்ணம் பூசுவதும், சக்கரம் பூட்டுவதும் பிள்ளையின் வேலை. பட்டறையிலேயே ஒரு பிற்பகல் பயிற்சி வகுப்பு வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். பெண் பிள்ளைகளையும் அழையுங்கள்.

கணக்கு

விலைகள் மாறுவன. ஆகவே கீழுள்ள தொகைகளை விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் சொந்த விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

பாதை செய்து முடிக்க, கூலி உட்பட, 1,80,000 ரூபா என்று வைப்போம். ஆயுள் 3 வருடம். வருடத் தேய்மானம் 60,000. ஒரு நிகழ்ச்சிக்கு வாகனம் 6,000, இரண்டு பேர் கூலி 6,000, பழுதுக்கு ஒதுக்கம் 1,500, ஆக 13,500. வாடகை 22,000.

வருடத்துக்கு 24 நிகழ்ச்சி கிடைத்தால் ஒன்றுக்குத் தேய்மானம் 2,500. மொத்தச் செலவு 16,000, இலாபம் 6,000. 10 நிகழ்ச்சியென்றால் தேய்மானம் 6,000, செலவு 19,500, இலாபம் 2,500தான். 4 நிகழ்ச்சியென்றால் தேய்மானம் 15,000, செலவு 28,500. ஒவ்வொரு முறையும் 6,500 ரூபா நட்டம். தேய்மானத்தை எழுதாதவர் இந்த நான்காவது நிகழ்ச்சியிலும் கையில் 8,500 ரூபா மிஞ்சியதாக எண்ணி மகிழ்வார். மூன்று வருடத்தின் பின் புதிய பாதை செய்யப் பணமிராது. நமது சிறு தொழில்கள் பல சத்தமில்லாமல் மூடப்படுவது இப்படித்தான்.

எனவே இரண்டு பெருநாளையும் பாடசாலை விழாக்களையும் மனதில் வைத்து, 10 நிகழ்ச்சி என்றே திட்டமிடுங்கள். இனிப் பொதியைக் கவனியுங்கள். கட்டை, சக்கரம், அச்சு, காரீயம், அறிவுறுத்தல் தாள் எல்லாம் சேர்த்து 250 ரூபா அடக்கம், 400 ரூபா விலை என்றால், 40 பிள்ளைகள் வாங்கும் நிகழ்ச்சியில் 6,000 ரூபா. வாடகை இலாபத்தைவிட இது அதிகம். பாதை வாடிக்கையாளரைக் கூட்டி வரும். இலாபம் கட்டையில் இருக்கிறது. சக்கரங்களை மட்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக, ஒரே இடத்தில் வாங்குங்கள். கையால் கடைந்த சக்கரம் ஒன்றுபோல் ஒன்று இராது. அங்கேயும் தராசு சரிந்துவிடும்.

பரிசுப் பணம்

பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் சேர்த்து அந்தப் பணத்தையே வென்றவருக்குக் கொடுப்பது சூதின் வடிவத்தை எடுத்துவிடும். மார்க்க அறிஞர்கள் இதுபற்றி எச்சரிப்பதை நாம் அறிவோம். வழி சுலபமானது. பரிசைக் கடை முதலாளி ஒருவரோ ஒரு நிறுவனமோ அனுசரணையாக வழங்கட்டும். பிள்ளைகள் கொடுக்கும் பணம் பொதியின் விலையாக மட்டும் இருக்கட்டும். இரண்டையும் வேறு வேறு பற்றுச்சீட்டில் எழுதுங்கள். சந்தேகம் இருப்பின் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தொடங்குங்கள்.

முடிவாக

1953இல் மேர்பி விற்றது கட்டையும் ஆணியும் அல்ல. மலிவான ஒரே கட்டை, ஒரே நிறை, ஒரே சரிவு. வசதியுள்ளவன் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் சமமான பாதை. அதை நம்பித்தான் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். நம்பிக்கை போனால் எவ்வளவு அழகாக வர்ணம் பூசிய பாதையும் வெறும் பலகைதான்.

இதைச் செய்ய நினைக்கும் சகோதரர்கள் முதலில் ஒரு 8 அடித் துண்டையும் இரண்டு கார்களையும் செய்து பாருங்கள். உங்கள் பட்டறையின் வெட்டுத் துண்டு அதற்குப் போதும். மூட்டில் நகம் தடுக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பின்னர், மீதி 24 அடிக்குப் பணம் போடுங்கள்.